லண்டன் சுற்றி வந்த தீவுக் குரல்கள்

'கரீபியன் குரல்கள்' என்பது மேற்கிந்தியத் தீவுகளின் நேயர்களுக்காக பி.பி.சி. லண்டனிலிருந்து நடத்திய வாராந்திர இலக்கிய ஒலிபரப்பு. 1943 மார்ச்சில் தொடங்கி 1958 வரை நீடித்தது. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், செயின்ட் லூசியா முதலிய தீவுகளிலும், தென் அமெரிக்கக் கரையிலிருந்த பிரிட்டிஷ் கயானாவிலும் எழுதப்பட்ட கதைகளும் கவிதைகளும் லண்டன் போய்ச் சேர்ந்தன. அங்கே அவை தேர்ந்தெடுக்கப்பட்டன, ஒலிவாங்கிக்கு முன் வாசிக்கப்பட்டன, சிற்றலையேறி அதே தீவுகளுக்குத் திரும்பின. எழுதியவர் ஒரு தீவில் இருப்பார், கேட்பவர் அடுத்த தீவில் இருப்பார். நடுவே அந்த எழுத்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் போய், அதே அளவு தூரம் திரும்பி வந்திருக்கும். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற டெரெக் வால்காட், வி.எஸ். நைபால் இருவரும் இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே இந்த நிகழ்ச்சிக்கு எழுதியவர்கள்.

இப்படியொரு சுற்றுவழி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். 'மேற்கிந்தியத் தீவுகள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்கும் பார்படோஸின் பிரிட்ஜ்டவுனுக்கும் இடையே சுமார் 1,900 கிலோமீட்டர் கடல். வான்வழியில் சென்னையிலிருந்து டெல்லி போகும் தூரத்தைவிட அதிகம். ஒவ்வொரு தீவுக்கும் தனி ஆளுநர், தனி நிர்வாகம். சர்க்கரையும் ரம்மும் ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்தை நோக்கிப் போயின. துணியும் புத்தகமும் அங்கிருந்து வந்தன. பக்கத்துத் தீவோடு கொடுக்கல் வாங்கல் குறைவு. தீவுகள் அனைத்தும் ஒரே பெயரில் நின்ற இடம் கிரிக்கெட் மைதானம் ஒன்றுதான். 1928-இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய அணியை எல்லாத் தீவினரும் தங்களுடையது என்றார்கள். ஆனால் ஜமைக்காக்காரர் ஒருவர் பார்படோஸ் கவிஞர் ஒருவரின் பெயரைக் கேள்விப்பட வழி இருக்கவில்லை.

தீவுகளில் எழுத்தே இல்லை என்பதல்ல. பார்படோஸில் 1942-இல் 'பிம்' சிற்றிதழ் தொடங்கியது. பள்ளி ஆசிரியர் ஃபிராங்க் காலிமோர் அதைப் பல ஆண்டுகள் தோளில் சுமந்தார். ஜமைக்காவில் சிற்பி எட்னா மான்லி 1943-இல் 'ஃபோகஸ்' தொகுப்பைக் கொண்டுவந்தார். கயானாவில் கவிஞர் ஏ.ஜே. சீமோர் 1945 முதல் 'கைக்-ஓவர்-அல்' இதழை நடத்தினார். சிற்றிதழ்களுக்கே உரிய ஆயுள் பயம் இவற்றுக்கும் உண்டு. புத்தகம் போடப் பதிப்பகம் கிடையாது. கவிஞர் தாமே அச்சகத்தைத் தேடிப் போக வேண்டும். செயின்ட் லூசியாவைச் சேர்ந்த பதினெட்டு வயது வால்காட் 1948-இல் தம் முதல் தொகுப்பான '25 கவிதைகள்' நூலை அச்சிட, ஆசிரியையாக இருந்த விதவைத் தாயிடம் 200 டாலர் வாங்கினார். நூல் டிரினிடாட்டில் அச்சானது. பிரதிகளைத் தெருமுனையில் நின்று விற்றுக் கடனை அடைத்தார்.

நலம், நலமறிய ஆவல்

இலக்கியம் இந்த ஒலிபரப்புக்குள் நுழைந்தது பின்வாசல் வழியாகத்தான். இரண்டாம் உலகப்போரில் மேற்கிந்தியத் தீவினர் ஆயிரக்கணக்கில் பிரிட்டனுக்கு வந்தார்கள். விமானப் படையில் மட்டும் சுமார் 6,000 பேர். ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேறு, ஸ்காட்லாந்தில் மரம் வெட்ட வந்த பிரிட்டிஷ் ஹோண்டுராஸ்காரர்கள் வேறு. இவர்கள் ஊரில் உள்ள குடும்பத்தோடு பேசுவதற்காக 'மேற்கிந்தியத் தீவுகளை அழைக்கிறோம்' என்ற நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. படைவீரர் ஒலிவாங்கிக்கு முன் வந்து தாய்க்கும் மனைவிக்கும் சில வரி சொல்வார். நம்மூர்க் கடிதங்களில் வரும் 'நலம், நலமறிய ஆவல்' ரகச் செய்திகள்தாம். ஆனால் அட்லாண்டிக்கில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த காலத்தில், தபால் வருமா வராதா என்று தெரியாத வீட்டில் மகனின் குரலே கேட்கிறதென்றால் அதன் மதிப்பு வேறு.

அந்த நிகழ்ச்சியை நடத்தியவர் ஊனா மார்சன். 1905-இல் ஜமைக்காவின் கிராமப்புறத்தில் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகளாகப் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் 'காஸ்மோபாலிட்டன்' என்ற மாத இதழைத் தொடங்கி அந்தத் தீவின் முதல் பெண் பத்திரிகை ஆசிரியரானார். கவிஞர், நாடகாசிரியர். 1932-இல் லண்டனுக்கு வந்து, கறுப்பின மக்களின் உரிமைக்காக இயங்கிய சங்கத்தில் பணியாற்றினார். முசோலினியின் படையெடுப்பால் நாட்டைவிட்டு வெளியேறிய எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசிக்கு 1936-இல் செயலாளராகவும் இருந்தார். 1941-இல் பி.பி.சி.யின் முழுநேரப் பணியில் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பினப் பெண் தயாரிப்பாளர் அவரே.

1942-இல் எடுத்த பி.பி.சி. புகைப்படம் ஒன்று இன்றும் அடிக்கடி மறுபதிப்பாகிறது. கிழக்கத்திய சேவைக்காக ஜார்ஜ் ஆர்வெல் தயாரித்த 'வாய்ஸ்' என்ற வானொலிக் கவிதை இதழின் குழு அதில் இருக்கிறது. ஆர்வெல் நிற்கிறார். கவிஞர் டி.எஸ். எலியட் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஊனா மார்சன். இந்திய நாவலாசிரியர் முல்க் ராஜ் ஆனந்தும் உண்டு. தமிழ் வாசகர் கண் நிற்க வேண்டிய முகம் இன்னொன்றும் அதில் இருக்கிறது: இலங்கைத் தமிழரும் 'பொயட்ரி லண்டன்' இதழின் ஆசிரியருமான தம்பிமுத்து. அச்சுத் தாளுக்குப் பஞ்சமான போர்க்காலத்தில், பக்கங்களுக்குப் பதிலாகக் காற்றிலேயே இதழ் நடத்துவது என்ற யோசனை அந்த அறையில் செயல்பட்டுக்கொண்டிருந்தது. அதை மார்சன் தம் தீவுகளுக்கு எடுத்துச் சென்றார். அடுத்த மார்ச்சில், படைவீரர் செய்திகளுக்கு நடுவே வாரம் ஒரு வேளை கவிதைக்கும் கதைக்கும் ஒதுக்கப்பட்டது. பெயர், 'கரீபியன் குரல்கள்'.

வேலை அவரை உருக்கிவிட்டது. உடலும் மனமும் தளர்ந்து 1946-இல் ஜமைக்கா திரும்பினார். நிகழ்ச்சியின் புகழ் பின்னால் வந்தவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதால், தொடங்கி வைத்தவரின் பெயர் வெகுகாலம் அடிக்குறிப்பாகவே கிடந்தது.

சர்க்கரை போன வழி

பின்னால் வந்தவர் ஹென்றி ஸ்வான்சி. அயர்லாந்துக்காரர், பாதிரியார் மகன். 1946 முதல் 1954 வரை எட்டு ஆண்டுகள் நிகழ்ச்சி அவர் கையில் இருந்தது. மார்சன் காலத்தில் பிரிட்டனிலிருந்த தீவினரின் எழுத்தே அதிகம் இடம்பெற்றது. ஸ்வான்சி தீவுகளிலிருந்தே சரக்கை வரவழைத்தார். கிங்ஸ்டனில் கிளாடிஸ் லிண்டோ பி.பி.சி.யின் முகவராக இருந்தார். அவருடைய கணவர் செட்ரிக்கும் பின்னணியில் உழைத்தார். கைப்பிரதிகள் முதலில் இவர்களிடம் வந்து சேரும். தேறியவை லண்டனுக்குப் போகும். பார்படோஸில் காலிமோர் 'பிம்' இதழுக்கு வருகிற இளம் எழுத்தாளர்களை ஸ்வான்சிக்கு அறிமுகம் செய்வார். வானொலியில் கேட்ட கதை பிறகு 'பிம்' இதழில் அச்சேறும்; சில சமயம் இதழில் வந்தது வானொலிக்குப் போகும். காற்றும் காகிதமும் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்டன.

ஸ்வான்சி கேட்டது ஒன்றுதான்: மண்வாசனை. பள்ளியில் ஆங்கிலக் கவிதைகளை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள், பார்த்தேயிராத பனியையும் வசந்தத்தையும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவை திரும்பிப் போயின. கரும்புத் தோட்டம், மீன் சந்தை, முற்றத்துச் சண்டை, சவ ஊர்வலம் ஆகியவற்றைத் தெரிந்த கண்ணோடு எழுதினால் இடம் உண்டு. தேர்வோடு அவர் நிற்கவில்லை. வந்தவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொகுத்து அலசி, அதையும் ஒலிபரப்பினார். வால்காட் சொந்தமாக அச்சிட்ட அந்தச் சிறு நூலுக்கு ஆங்கிலக் கவிஞர் ராய் ஃபுல்லர் எழுதிய மதிப்புரை இதே நிகழ்ச்சியில் ஒலித்தது. சென்னை மாவட்டத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே பரப்புள்ள தீவில் உட்கார்ந்திருக்கும் பையனின் வரிகள் லண்டனில் விவாதிக்கப்படுவதை, அவன் ஊராரும் அண்டைத் தீவுக்காரர்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

சன்மானமும் உண்டு, அதுவும் கினி என்ற பிரிட்டிஷ் பணக் கணக்கில். அந்த நாளில் தீவுப் பத்திரிகைகள் கதைக்குக் காசு கொடுத்தாலே பெரிது. எழுதிப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையை அந்தக் காசோலை விதைத்தது.

இதிலிருந்த முரணை முதலில் பளிச்சென்று சொன்னவர், இந்த நிகழ்ச்சியால் வளர்ந்த பார்படோஸ் நாவலாசிரியர் ஜார்ஜ் லாமிங். 1960-இல் வெளியான 'புலம்பெயர் வாழ்வின் இன்பங்கள்' என்று பெயர்க்கத்தக்க கட்டுரை நூலில் அவர் சர்க்கரையை உவமையாக எடுத்தார். கரும்பு தீவில் விளைகிறது, வெட்டப்பட்டுக் கச்சாப் பொருளாகக் கப்பலேறுகிறது, இங்கிலாந்தில் சுத்திகரிக்கப்பட்டு வெள்ளைச் சர்க்கரையாகத் தீவுக்கே திரும்புகிறது. கதையும் அப்படியே போய் வந்தது என்றார். உவமை கசப்பானது. ஆனால் அவர் ஸ்வான்சியைத் தூற்றவில்லை. அந்த நூலிலேயே அவர்மீது மிகுந்த நன்றி தெரிகிறது. லண்டன் வந்த தீவு எழுத்தாளன் முகம் வாடியிருந்தால், பட்டினியாக இருக்கிறான் என்று ஸ்வான்சி ஊகித்துக்கொள்வாராம். எழுதியதை எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்க மாட்டார். மானம் கெடாதபடி, வேறொருவர் கதையை வாசிக்கும் வேலையைக் கொடுத்துக் கூலி கிடைக்கச் செய்வார்.

தரத்தை யார் நிர்ணயிப்பது என்ற கேள்வி அதோடு தீரவில்லை. ஓர் அயர்லாந்துக்காரர் தமக்குப் பிடித்த மண்வாசனையைக் கேட்டு வாங்கும்போது, அந்த வாசனையை அளந்து தெளிப்பவர்களும் வருவார்கள். நகரத்து நடுத்தர வர்க்கத்தைப் பற்றி எழுதியவர்களுக்கு அது குறையாகவே பட்டது. ஜமைக்காவுக்கு இடம் அதிகம், சிறு தீவுகளுக்குக் குறைவு என்ற பங்காளிச் சண்டைக்கும் பஞ்சமில்லை.

யார் வாயில் எந்தப் பேச்சு

கேட்டவர்கள் எத்தனை பேர் என்றால், கூட்டம் என்று சொல்லும்படி இராது. வானொலிப் பெட்டி வசதியுள்ள வீட்டுப் பொருள். ஜமைக்காவில் உள்நாட்டு நிலையமே 1939-இல்தான் வந்தது, டிரினிடாட்டில் 1947-இல். பார்படோஸில் கம்பி வழியாக வீடுகளுக்கு ஒலியைக் கொண்டுபோகும் ரீடிஃப்யூஷன் சேவை இருந்தது. சிற்றலை என்பது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் தெறித்து வருவது. வெப்பமண்டல இடிமழைக் காலத்தில் கவிதையைவிட இரைச்சல்தான் தெளிவாகக் கேட்கும். இலங்கை வானொலிக்காக முள்ளைத் திருகிப் பழகிய தலைமுறைக்கு அந்தக் கரகரப்பை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்ட சிலரில் பெரும்பாலோர் எழுதுகிறவர்கள், எழுத நினைப்பவர்கள். தீவில் தனியாக இருப்பதாக எண்ணியவருக்கு, தம்மைப் போல இன்னொருவர் கயானாவிலோ கிரெனடாவிலோ இருக்கிறார் என்ற தகவல் ஞாயிறுதோறும் கிடைத்தது.

அச்சில் மறைந்து நிற்கும் சங்கடம் ஒன்று வானொலியில் வெளியே வந்துவிடும். கதையில் டிரினிடாட்டின் கிரியோல் பேச்சு இருக்கும். லண்டனில் அன்று கிடைத்த வாசிப்பாளர் ஜமைக்காக்காரராகவோ ஆங்கிலேயராகவோ இருப்பார். மதுரைக் கதையை யாழ்ப்பாண உச்சரிப்பில் வாசித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். நேயர்கள் முறையிட்டார்கள். அந்தந்தத் தீவுப் பேச்சுக்கு அந்தந்தத் தீவின் வாய் வேண்டும் என்ற நிலை உருவாக, கொச்சை என்று பள்ளிக்கூடம் அடித்துத் திருத்திய மொழி பி.பி.சி.யின் ஒலிவாங்கிக்கு முன் நின்றது. ஜமைக்காவில் லூயிஸ் பென்னட் பாமரப் பேச்சிலேயே கவிதை எழுதி மேடையேறியவர். அங்குள்ள கவிஞர் கழகத்தார் அதைக் கவிதையாகவே சேர்த்துக்கொள்ளாத காலம் அது.

பார்படோஸ் கவிஞர் கமாவ் பிராத்வெய்ட் பின்னாளில் இதையெல்லாம் ஆராய்ந்து, தீவுகளின் பேச்சைக் கிளைமொழி என்று சொல்லாமல் 'தேச மொழி' என்று அழைத்தார். வானொலி வழியே தம் தலைமுறைக்குத் துணிவு தந்தவர்களில் ஒருவராக அவர் குறிப்பிடுவது கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டை! ஆர்லட்டின் ஹாம்ப்ஷயர் கிராமத்துக் குரல், பி.பி.சி.யில் பேசக் கனவான் உச்சரிப்பு கட்டாயமில்லை என்று காட்டிவிட்டதாம்.

ஒரு கப்பல், ஒரு தட்டச்சுப்பொறி

நிகழ்ச்சி ஆட்களையும் லண்டனுக்கு இழுத்தது. 1950-இல் லாமிங்கும், டிரினிடாட்டைச் சேர்ந்த சாமுவேல் செல்வனும் ஒரே கப்பலில் வந்தார்கள். கப்பலிலேயே செல்வன் தம் நாவலை எழுதிக்கொண்டிருந்தார். லாமிங்கின் இம்பீரியல் தட்டச்சுப்பொறி இருவர் கைக்கும் மாறி மாறிப் போனது.

அந்தப் பெயரின் ஓசையே தமிழ்க் காதுக்குச் சேதி சொல்லிவிடும். 1923-இல் தெற்கு டிரினிடாட்டின் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்த செல்வனின் தந்தை, சென்னையிலிருந்து சென்ற கிறிஸ்தவத் தமிழர். தாய்வழித் தாத்தா ஸ்காட்லாந்துக்காரர், பாட்டி இந்தியர். டிரினிடாட்டுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வடநாட்டவர். நைபாலின் முன்னோரும் அவர்களில் சேர்த்தி. சென்னை வழி வந்தவர்கள் அங்கே சிறுபான்மைக்குள் சிறுபான்மை. செல்வன் போர்க்காலத்தில் கடற்படைச் சேமப் பிரிவில் வயர்லெஸ் இயக்குநர். பிறகு 'டிரினிடாட் கார்டியன்' செய்தியாளர். 'கரீபியன் குரல்கள்' அவர் கதைகளை ஒலிபரப்பியது. 1952-இல் முதல் நாவல் வந்தது. 1956-இல் வந்த 'தனிமை லண்டன்வாசிகள்' நாவலைப் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் தொடங்கி, அது நகராமல் நின்றபோது, டிரினிடாட் பேச்சு நடைக்கே கதைசொல்லியை மாற்றினார். பிறகு சில மாதங்களில் முடிந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பாத்திரங்கள் மட்டும் பேச்சு வழக்கில் பேச, கதைசொல்லி நல்ல ஆங்கிலத்தில் தள்ளி நிற்கும் ஏற்பாட்டை அந்த நாவல் உடைத்தது. ஒலிவாங்கியில் உரக்க வாசிக்கப்படுவதற்கென எழுதிப் பழகிய கைக்கு அந்த உடைப்பு எளிதாக வந்திருக்கும் என்று கொள்ளலாம்.

அதே 1950-இல் பதினெட்டு வயது நைபால் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு வந்தார். அவருடைய தந்தை சீபர்சாத் நைபாலும் செய்தியாளர், சிறுகதைக்காரர். டிரினிடாட்டிலிருந்து தந்தை அனுப்பும் கதைகள் லண்டன் போகும். மகன் இங்கிலாந்திலிருந்து கருத்தெழுதுவார். பின்னாளில் நூலாக வந்த தந்தை–மகன் கடிதங்களில் ஸ்வான்சியின் பெயர் வீட்டு மனிதர் பெயர்போல வருகிறது. தந்தை 1953-இல் இறந்தார். 1954 இறுதியில் ஸ்வான்சி ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டு வானொலிக்குப் போக, அந்த நாற்காலி இருபத்திரண்டு வயது நைபாலுக்கு வந்தது. பகுதிநேர வேலை.

பி.பி.சி.யின் வெளிப்பணியாளர்களுக்கு லாங்ஹாம் என்ற பழைய ஓட்டல் கட்டடத்தில் ஓர் அறை இருந்தது. 1955-இல் ஒரு பிற்பகல், அங்கிருந்த தட்டச்சுப்பொறியில், ஒலிபரப்பில் சரசரக்காமலிருக்கத் தனியாகத் தயாரித்த பி.பி.சி. தாளைச் செருகி, சிறுவயதில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவில் பார்த்த மனிதர் ஒருவரைப் பற்றி நைபால் ஒரு வாக்கியம் அடித்தார். அடுத்த வாக்கியம் தானாக வந்தது. 'மிகேல் தெரு' கதைத் தொகுப்பு அப்படித் தொடங்கியது. அந்த அறையில் இருந்த எழுத்தாள நண்பர்கள் பக்கங்களை உடனுக்குடன் படித்துத் தட்டிக்கொடுத்தார்கள். கதைகள் முதலில் எழுதப்பட்டாலும், நூலாக வெளிவரத் தாமதமாகி, வேறு இரண்டு நாவல்களுக்குப் பிறகு 1959-இல்தான் வந்தது.

நைபாலுக்குப் பின் கயானாவின் நாவலாசிரியர் எட்கர் மிட்டல்ஹோல்சர் 1956 முதல் நிகழ்ச்சியை நடத்தினார். அதற்குள் சூழல் மாறிவிட்டது. எழுத்தாளர்களில் முக்கியமானவர்கள் லண்டனுக்கே குடிவந்து, பெரிய பதிப்பகங்களில் நாவல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தீவுகளில் சொந்த வானொலி நிலையங்கள் வளர்ந்தன. 1958 ஜனவரியில் பத்துத் தீவுப் பகுதிகள் சேர்ந்து மேற்கிந்தியக் கூட்டாட்சி அமைந்தது. இனி அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல் அந்த ஆண்டே 'கரீபியன் குரல்கள்' நிறுத்தப்பட்டது. கூட்டாட்சி நான்கே ஆண்டில் கலைந்தது. 1962 ஆகஸ்டில் ஜமைக்காவும் டிரினிடாட்டும் தனித்தனியே விடுதலை பெற்றன. தீவுகளைச் சேர்த்துவைக்க ஞாயிறு மாலை அரைமணி நேரத்துக்கு முடிந்தது, அரசியலமைப்புச் சட்டத்துக்கு முடியவில்லை.

வாசிக்கப்பட்டவற்றின் ஒலிப்பதிவுகள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. மிஞ்சியவை பெரும்பாலும் தட்டச்சுப் பிரதிகள். இங்கிலாந்தில் கேவர்ஷாமிலுள்ள பி.பி.சி. எழுத்து ஆவணக் காப்பகத்திலும், ஜமைக்காவில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மோனா வளாக நூலகத்திலும் அவற்றைப் பார்க்கலாம்.